கடவுள் மறுப்பாளர் வழக்கில் சமயச் சொற்கள்

சமய நம்பிக்கை அற்றவர்களும் தம் அன்றாடப் பேச்சில் சமயச் சொற்களைத் தயக்கமின்றி வழங்குகின்றனர். இந்நிகழ்வு தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தில் விடைபெறும்போது சொல்லப்படும் 'குட்பை' என்பது 'கடவுள் உம்முடன் இருப்பாராக' என்னும் பொருளுடைய தொடரின் தேய்ந்த வடிவமாகும். ஸ்பானிய மொழியில் 'அப்படி நடந்தால் நல்லது' என்னும் விருப்பத்தை உணர்த்தும் 'ஒஹலா' என்னும் சொல், இறைவனின் நாட்டத்தைக் குறிக்கும் அரபுத் தொடரிலிருந்து பிறந்தது. ரஷ்ய மொழியில் நன்றி கூறப் பயன்படும் 'ஸ்பசீபா', 'கடவுள் காப்பாராக' என்னும் வாழ்த்தின் எச்சம். அம்மொழியில் ஞாயிற்றுக்கிழமையின் பெயர் 'உயிர்த்தெழுதல்' என்னும் சொல்லேயாகும். சோவியத் அரசு 1929இல் ஏழு நாள் வாரத்தை மாற்றியமைத்தது. 1940இல் அதற்கே திரும்பியது. அப்போது அந்நாளின் பெயரும் பழையபடியே வழங்கலாயிற்று.

மேற்காட்டியவற்றுள் பெரும்பாலானவை தம் பிறப்பை மறந்த சொற்கள். 'குட்பை' என்பவர் அதனுள் கடவுள் இருப்பதை அறியார். தமிழில் நிலைமை வேறு. 'கடவுளே', 'தலையெழுத்து', 'புண்ணியம்', 'மோட்சம்', 'அர்ச்சனை' ஆகிய சொற்களின் சமயப் பொருள் அவற்றை வழங்குவோர் அனைவருக்கும் தெளிவாகத் தெரியும். தெரிந்தும் கடவுள் மறுப்பாளர் அவற்றை வழங்குகின்றனர் என்பதே ஆய்வுக்குரியது.

இதனைக் குறித்து இரண்டு தீர்ப்புகள் பொதுவாகக் கூறப்படுகின்றன. மறுப்பாளரின் அடிமனத்தில் நம்பிக்கை உறைந்துள்ளது, துன்பம் நேரும்போது அது வாயில் வந்துவிடுகிறது என்பது நம்பிக்கையாளரின் தீர்ப்பு. கொள்கை உறுதி போதாமையே காரணம், நாவைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது மறுப்பாளருள் கடுமையானவர்களின் தீர்ப்பு. ஒன்றற்கொன்று பகையான இவ்விரண்டும் ஓர் எடுகோளில் ஒன்றுபடுகின்றன. ஒரு சொல் எங்கு வந்தாலும் தன்னுடன் நம்பிக்கையையும் சுமந்தே வரும் என்பது அவ்வெடுகோள். வழக்கைக் கூர்ந்து நோக்குவார்க்கு இது பொருந்தாமை புலப்படும். நம்பிக்கை சொல்லில் தங்குவதில்லை. தொடரில் அச்சொல் பெறும் இடத்தில் தங்குகிறது. மறுப்பாளர் தம் எல்லைக்கோட்டை வரைவதும் அவ்விடத்தில்தான்.

விளியும் பிற வேற்றுமைகளும்

பின்வரும் தொடர்களை நோக்குக.

(1) கடவுளே! சாவியை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டேன்.
(2) கடவுளே! என் மகனைக் காப்பாற்று.
(3) கடவுள் கிருபையால் இங்கு அனைவரும் நலம்.
(4) இந்த வழக்கு எப்போது முடியும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.
(5) ஆண்டவனே வந்தாலும் இந்தக் கணக்கை நேர்செய்ய முடியாது.

இவற்றுள் (1), (4), (5) ஆகியன மறுப்பாளர் வாயில் இயல்பாக வருவன. (2), (3) ஆகியன வருவதில்லை. வந்தால் கேட்போர் வியப்புறுவர். ஐந்து தொடர்களிலும் கடவுளைக் குறிக்கும் பெயர் இருக்கவும் இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றுகிறது?

முதலிரண்டு தொடர்களில் சொல்லும் உருவமும் ஒன்றே, இரண்டும் விளி. எனினும் (2)இல் விளிக்கப்பட்டவர் அடுத்து வரும் ஏவல் வினைக்கு எழுவாய் ஆகிறார். (1)இல் விளியை அடுத்து வரும் வினைக்குப் பேசுவோனே எழுவாய். அங்கு யாரும் அழைக்கப்படவில்லை. யாரிடமும் ஒன்றும் கேட்கப்படவும் இல்லை. தொல்காப்பியர் வேற்றுமை ஏழு என்று முதலில் கூறிப் பின்னர் விளியைச் சேர்த்து எட்டாக்கியதும், விளிக்குத் தனி இயல் வகுத்ததும் இங்கு நினைக்கத்தக்கன. விளி தொடரின் பிற உறுப்புகளோடு தளைப்படாமல் நிற்கக்கூடியது. அவ்வாறு விலகி நிற்கும் தன்மையே அது உணர்ச்சிக் குறிப்பாக மாறுதற்கு வாயில் அமைத்துத் தருகிறது எனலாம். இம்மாற்றம் நிறைவுற்றபின் அச்சொல் அடையை ஏற்பதில்லை. 'எல்லாம் வல்ல கடவுளே! சாவியை உள்ளே வைத்துவிட்டேன்' என்றால் அது வழிபாடாகவோ எள்ளலாகவோ ஆகிவிடும். வெறும் திடுக்கிடலாக நிற்காது.

(3)இல் கடவுளின் கிருபை மூன்றாம் வேற்றுமை ஏற்று, உண்மையில் நிகழ்ந்த ஒன்றுக்குக் காரணமாகிறது. மறுப்பாளர் விலக்குவது இவ்விடத்தையே. பழைய கடிதங்களில் வழக்கமாக எழுதப்பட்ட இத்தொடரை அவர்கள் கைவிட்டு 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதினர். கடிதத்தின் தலைப்பில் பிள்ளையார் சுழி இடுவதையும் நிறுத்தினர். ஆனால் 'இந்தப் போராட்டத்திற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் அவர்தாம்' என்று பேசுவதை நிறுத்தவில்லை. குறியை இடுதல் ஒரு செயல். மரபுத்தொடரோ தொடங்குதல் என்பதற்கு மற்றொரு பெயர். இவ்வேறுபாட்டை எவரும் அவர்களுக்குக் கற்பித்ததில்லை. மொழியறிவே அவர்களை அவ்வாறு பிரித்துணரச் செய்திருக்கிறது.

(4) சற்றே சிக்கலானது. கடவுள் நான்காம் வேற்றுமை ஏற்று, 'தெரியும்' என்னும் வினைக்குரிய அறிபவராகிறார். இடத்தை மட்டும் நோக்கின் இத்தொடர் விலக்கப்பட்டிருக்க வேண்டும். ஆயின் அது உறைந்த தொடர். 'கடவுளுக்கு நேற்றுத்தான் தெரிந்தது' என்று காலத்தை மாற்ற இயலாது. அதன் பொருள் 'ஒருவருக்கும் தெரியாது' என்பதே. கடவுள் இல்லை என்பாருக்கு இத்தொடர் சொல்லுக்குச் சொல் உண்மையாகவே அமைந்துவிடுகிறது என்பதையும் சொல்லிவைக்கலாம். (5)இல் வரும் '-ஆலும்' ஈறு நிகழாத ஒன்றைக் கற்பனையாக ஏற்பது. அதனால் எதையும் ஒப்புக்கொண்டதாகாது. எனவே இடம் என்று நாம் கூறுவது வேற்றுமை உருபை மட்டும் குறித்ததன்று. நிகழ்ந்ததாகக் கூறப்படும் ஒன்றில் கடவுள் வினைமுதலாகவோ காரணமாகவோ நிற்றலே மறுப்பாளர் கடக்காத எல்லை.

திணை மாறும் தெய்வங்கள்

வசைச் சொற்களில் இம்மாற்றத்தை இலக்கணமே பதிவு செய்திருக்கிறது. சோதிட நூலில் 'சனி பகவான் மகர ராசியில் சஞ்சரிக்கிறார்' என உயர்வுப் பன்மை வரும். வீட்டில் பழுதுற்ற மின்விசிறியைக் குறித்து 'சனியன் மறுபடியும் நின்றுவிட்டது' என அஃறிணை முடிபு வரும். '-அன்' ஈறு ஆண்பாலைக் காட்டியும் வினை அதற்கு இயையவில்லை. 'மூதேவி' என்னும் சொல் திருமகளுக்கு மூத்தவளாகக் கருதப்படும் தெய்வத்தின் பெயர். 'அந்த மூதேவி எங்கே போய்த் தொலைந்தான்?' என்று ஆண்பால் வினை கொண்டு முடிகிறது. வினை இயைவது தெய்வத்தோடன்று, திட்டப்படும் ஆளோடு. நம்பிக்கையாளரும் இவ்வாறே பேசுகின்றனர் என்பது முக்கியமானது. சொல்லை வெறுமையாக்கியவர் மறுப்பாளர் அல்லர். கோயிலுக்குச் செல்வோரே அதனைச் செய்து முடித்திருந்தனர். மறுப்பாளர் அவ்வழக்கைத் தாய்மொழியோடு சேர்த்துப் பெற்றுக்கொண்டனர்.

பாவம்

இச்சொல் தனித்து ஆராயத்தக்கது. வடமொழிப் 'பாப' என்பதிலிருந்து வந்த 'பாவம்' திருக்குறளிலேயே தீவினை என்னும் பொருளில் ஆளப்பட்டுள்ளது. இன்றைய பேச்சில் அது இரக்கக் குறிப்பாகவே மிகுதியும் வழங்குகிறது. இரண்டு பொருள்களும் ஒரே வடிவில் நின்றாலும் தொடரியல் அவற்றைத் தெளிவாகப் பிரிக்கிறது. தீவினைப் பொருளில் அது 'செய்' என்னும் வினையை ஏற்கும், பன்மை ஏற்றுப் 'பாவங்கள்' ஆகும், தீரும், கழியும். இரக்கப் பொருளில் இவற்றுள் ஒன்றையும் ஏற்காது. 'அவர்கள் பாவம்' என்போமேயன்றி 'அவர்கள் பாவங்கள்' என்னோம். 'அவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது' என்னும் அமைப்பு இரக்கப் பொருளுக்கே உரியது. 'இப்படி அடிப்பது பாவம்' என்பது போன்ற தொடர்களில் மட்டும் எது தீவினை, எது இரக்கம் எனப் பிரித்தல் அரிது. பழைய பொருளிலிருந்து புதிய பொருள் கிளைத்த இடம் அத்தகைய தொடராகவே இருந்திருக்கக்கூடும்.

அண்டை மொழிகளை ஒப்பிடின் இப்பிளவு மேலும் விளங்கும். தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழைப் போலவே ஒரே சொல் தீவினைக்கும் இரக்கத்திற்கும் பயன்படுகிறது. மலையாளமோ இரண்டாகப் பிரித்துக்கொண்டது. அங்குத் தீவினை 'பாபம்', இரங்கத்தக்கவர் 'பாவம்'. பின்னது பன்மையும் ஏற்கும். விக்தோர் ஹியூகோவின் 'லே மிஸெராப்ள்' நாவலை நாலப்பாட்டு நாராயண மேனன் 1925இல் 'பாவங்கள்' என்னும் பெயரில் மலையாளத்தில் தந்தார். அப்பெயரைத் தமிழ் எழுத்தில் காணும் தமிழர் தீவினைகளின் பட்டியலையே எதிர்பார்ப்பர். அந்நாவலைத் தமிழாக்கிய சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று பெயரிட்டார். இந்தியில் இரக்கத்தைக் குறிக்கும் 'பேசாரா', பாரசீகத்திலிருந்து வந்தது. 'வழியற்றவர்' என்பது அதன் பொருள், சமயச் சார்பே இல்லை. தமிழ்க் கதையை இந்திக்குக் கொண்டு செல்பவர் இரக்கக் குறிப்பாகிய 'பாவம்' என்பதைப் 'பாப்' என்று எழுதினால் கதைமாந்தர் மீது குற்றம் சுமத்தியவராவார். சொல் ஒற்றுமை மிக்க இந்திய மொழிகளுக்கிடையேதான் இவ்வகைப் பிழை எளிதில் நுழைகிறது.

நகைச்சுவையில் வாழும் சொற்கள்

'மேலதிகாரியிடம் நல்ல அர்ச்சனை', 'காலையிலேயே மண்டகப்படி', 'இந்தக் கோப்புக்கு என்றைக்கு மோட்சமோ', 'கொடுத்த பணம் கோவிந்தா', 'சீட்டுக்காரன் நாமம் போட்டுவிட்டான்' ஆகியன அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் நாள்தோறும் கேட்பவை. இவை 'பாவம்' போன்றவை அல்ல. 'பாவம்' என்பதன் மூலப்பொருளை மறந்தாலும் அது இயங்கும். இவற்றின் மூலப்பொருளை மறந்தால் சுவை போய்விடும். தெய்வத்தின் பெயர்களை அடுக்கிப் பூவிடுவது அர்ச்சனை என்று அறிந்தவருக்கே, வசைப்பெயர்களை அடுக்கும் அதிகாரி அர்ச்சகராகத் தோன்றுவார். திருவிழாவில் தெய்வம் மண்டபத்தில் தங்கும்போது நடைபெறும் உபயமே மண்டகப்படி என்பது தெரிந்தால்தான், தமக்குக் கிடைத்த 'மரியாதை' எத்தகையது என்பது விளங்கும். இங்குத் தேவைப்படுவது சமய அறிவு, சமய நம்பிக்கையன்று. கோயில் சூழலில் வளர்ந்த மறுப்பாளரிடம் அவ்வறிவு நிறையவே உண்டு. சில வேளைகளில் நம்பிக்கையாளரிடம் இருப்பதினும் மிகுதியாக உண்டு. மறுப்பதற்காகவே புராணங்களைப் படித்தவர் பலர்.

எவை மாற்றப்பட்டன

1925இல் தோன்றிய சுயமரியாதை இயக்கம் மொழி வழக்கில் தலையிடாமல் இருக்கவில்லை. ஆயினும் அதன் தலையீடு எல்லாச் சமயச் சொற்கள் மீதும் பாயவில்லை என்பது நோக்கத்தக்கது. 'நமஸ்காரம்' விலக்கப்பட்டு 'வணக்கம்' பரவியது. 'கன்னிகாதானம்', 'விவாக சுபமுகூர்த்தம்' ஆகியவற்றின் இடத்தில் 'வாழ்க்கைத் துணைநல ஒப்பந்தம்' முதலிய தொடர்கள் அழைப்பிதழ்களில் இடம்பெற்றன. மாலை மாற்றுதல், மோதிரம் அணிவித்தல், தாலி கட்டுதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டே நடைபெறும் அத்தகைய திருமணத்திற்கு 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஏற்பளித்தது. இறப்புச் செய்தியில் 'சிவலோகப் பதவி', 'வைகுண்டப் பதவி' ஆகியன போய் 'இயற்கை எய்தினார்' வந்தது. 1932இல் ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்பிய பெரியார், மரியாதை அடைமொழிகளை விடுத்துத் 'தோழர்' என்று விளிக்குமாறு வேண்டினார்.

மாற்றாக வந்த சொற்களின் பிறப்பை ஆராயின் ஓர் உண்மை வெளிப்படும். 'வணக்கம்' என்பது வணங்குதல், அதாவது வழிபடுதல் என்னும் அடியிலிருந்து வந்தது. 'ஸ்ரீ' என்பதற்கு மாற்றாகப் பின்னர் அரசு வழக்கிலும் இடம்பெற்ற 'திரு', திருமகளையும் குறிக்கும் சொல். 'திருமணம்' என்பதிலும் அச்சொல் உண்டு. சமய வேரை அகற்றுவதே நோக்கமாக இருந்திருப்பின் இச்சொற்கள் ஏற்கப்பட்டிரா. தனித்தமிழ் இயக்கத்தை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளலும் ஆகாது. சுவாமி வேதாசலம் மறைமலை அடிகள் ஆனபோது மொழி மாறியதேயன்றிப் பெயரின் சமயப் பொருளில் எழுத்தளவும் குறையவில்லை. மறை என்பது வேதம்தான்.

மாற்றப்பட்டவை, மனிதரை மனிதர் வரிசைப்படுத்தும் சொற்களும் சடங்கிற்குரியவரைச் சுட்டும் சொற்களுமே. இதற்கு எதிர்ச்சான்றாகச் 'சாமி' என்னும் விளியைக் கருதலாம். நிலவுடைமையாளரை உழைப்பாளர் 'சாமி' என்று அழைத்தபோது அச்சொல்லில் தெய்வம் எள்ளளவும் இல்லை. பொருள் வெளிறல் முற்றுப்பெற்றிருந்தது. எனினும் இயக்கத்தினர் அதனைக் கடுமையாக வெறுத்தனர். தெய்வம் நீங்கிய இடத்தில் சாதி நின்றதே காரணம். மறுபுறம் 'கடவுளே!' என்னும் திடுக்கிடலைத் திருத்துவதற்கென்று பரவலான முயற்சி எதுவும் நடைபெற்றதாகத் தெரியவில்லை. அச்சொல்லால் எவரும் தாழ்த்தப்படவில்லை. பெரியாரின் இயற்பெயராகிய இராமசாமியும் அப்படியே நீடித்தது. நெடுஞ்செழியன், அன்பழகன் போன்றோர் தம் இயற்பெயர்களாகிய நாராயணசாமி, இராமையா ஆகியவற்றை மாற்றிக்கொண்டதும் உண்டு. பெயர்களைப் பொறுத்தவரை ஒரே நெறி நிலவவில்லை என்றே கொள்ளவேண்டும்.

சொல்லே செயலாகுமிடம்

சில சூழல்களில் சொல்லை வெறுமையாக வழங்க இயலாது. ஆணையிடுதல் அவற்றுள் தலையாயது. ஆஸ்டின் விளக்கிய, சொல்வதே செய்வதாகும் கூற்றுகளுள் அது அடங்கும். ஆங்கில நாடாளுமன்றத்திற்கு 1880இல் தேர்வுபெற்ற சார்லஸ் பிராட்லா நாத்திகர். கடவுள் பெயரால் ஆணையிடுவதற்கு மாற்றாக உறுதி கூற இசைவு கேட்டார், மறுக்கப்பட்டது. அவ்வாறாயின் ஆணையே இடுகிறேன், அதிலுள்ள சமயத் தொடர் எனக்குப் பொருளற்றது என்றார், அதுவும் மறுக்கப்பட்டது. அவர் இருக்கையில் அமர 1886 வரை காத்திருக்க நேர்ந்தது. 1888ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி கூறுவதை எல்லோருக்கும் உரியதாக்கியது. 1889இல் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிற்கு வந்தவரும் அவரே. இங்குச் சொல்லை வெறுமையாக வழங்க முன்வந்தவர் மறுப்பாளர்; தடுத்தவர் நம்பிக்கையாளர். நம் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை கடவுள் பெயரால் ஆணையிடுதல், உளமார உறுதி கூறுதல் என இரு தொடர்களையும் அருகருகே தந்திருப்பதால் அத்தகைய இடர் இங்கு எழவில்லை. பேச்சில் 'கடவுளே' என்று சொல்லத் தயங்காதவர் பதவியேற்கும்போது இரண்டாம் தொடரைத் தேர்வதில் முரண் ஏதுமில்லை.

மொழிபெயர்ப்பாளர் கவனத்திற்கு

ஆங்கில நாவலில் ஒரு நாத்திகர் 'தேங்க் காட்' என்று பெருமூச்சு விடுகிறார். 'கடவுளுக்கு நன்றி' என்று தமிழில் எழுதினால் அவர் அந்த வரியில் மதம் மாறிவிடுகிறார். தமிழர் அவ்விடத்தில் 'நல்ல வேளை' என்றோ 'அப்பாடா' என்றோ சொல்வர். 'நல்ல வேளை' என்பதே நாள்கோள் பார்க்கும் வழக்கை நினைவூட்டும் தொடர் என்றாலும் இன்று யாரும் அதில் பஞ்சாங்கத்தைக் காண்பதில்லை. 'ஃபார் காட்ஸ் சேக்' என்று கெஞ்சும்போது 'உனக்குப் புண்ணியமாகப் போகட்டும்' பொருந்தும். எரிச்சலோடு சொல்லும்போது பொருந்தாது, 'சும்மா இரேன்' என்பதே போதும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்லும்போது இடர்ப்பாடு பெரிது. தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் 'எல்லாம் நம் தலையெழுத்து' என்று சலித்துக்கொள்வதை, பிரமன் எழுதிய எழுத்து என்று விளக்கம் சேர்த்துப் பெயர்த்தால், ஊழுக்கு அடங்கிய கீழைநாட்டார் என்னும் பழைய சித்திரத்திற்கு மேலும் ஒரு கோடு வரைந்ததாக முடியும். அவர் அடுத்த பக்கத்திலேயே வேலைநிறுத்தத்திற்கு அழைப்பு விடுக்கிறார் என்றால் படிப்பவர் அதனை எவ்வாறு இணைத்துப் புரிந்துகொள்வார்? அங்கு 'நம் நிலைமை இப்படி' என்னும் அளவே வேண்டும். 'அர்ச்சனை', 'மோட்சம்' போன்றவற்றில் இதற்கு நேர்மாறான நெறி வேண்டும். அவற்றைத் தட்டையாக்கினால் நகை இழக்கப்படும். கோயில் வாடையை எவ்வகையிலேனும் காக்கவேண்டும். ஆகவே சமயச் சொல் ஒன்றைக் கண்டவுடன் மொழிபெயர்ப்பாளர் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா, சொல்பவர் நம்பிக்கையாளரா என்பதன்று. மூலப்பொருள் அவ்விடத்தில் வேலை செய்கிறதா என்பதே.

ரஷ்ய எழுத்துமுறை இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. சோவியத் காலத்திற்குப் பின் கடவுளைக் குறிக்கும் சொல் பெரிய எழுத்தில் தொடங்கப்படுகிறது. ஆனால் சமயத் தொடர்பின்றிப் பேச்சில் வழங்கும் 'ஸ்லாவ போகு' போன்ற உறைந்த தொடர்களில் அதே சொல்லைச் சிறிய எழுத்தில் எழுதுமாறு விதி கூறுகிறது. தமிழ் எழுத்தில் பெரியது, சிறியது என்னும் பாகுபாடு இல்லை. அவ்வேலையை அகராதி செய்யவேண்டும். 'கடவுள்' என்னும் பெயர்ச்சொற் பதிவின் கீழ் ஒரு மூலையில் அடக்கிவிடாமல், 'கடவுளே' என்பதை 'ஐயோ', 'அடடா' ஆகியவற்றின் வரிசையில் உணர்ச்சிக் குறிப்பிடைச்சொல்லாகத் தனியே பதிவு செய்தல் நன்று. 'பாவம்' என்பதற்கும் தீவினை, இரக்கம் என இரு தலைச்சொற்கள் தேவை. இரண்டாவதில் 'பன்மை ஏலாது' என்னும் குறிப்பும் இடம்பெற வேண்டும்.